உள்ளே மடிகிற பக்கம்

நீ அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "கோபம் அடங்கினதும் சொல்லு, வர்றேன்." ஒரு மாதம் ஆகிறது. அடங்கவில்லை. இனிமேல் அடங்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. அதற்காகக் காத்திருந்தால் நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே போய்விடுவோம். ஆகையால் கோபத்தோடேயே எழுதுகிறேன், நீயும் அப்படியே படி. நங்கநல்லூரில் உன் நண்பன் அறையில் உட்கார்ந்துகொண்டு அப்பாவிடம் மட்டும் தினமும் பேசுகிறாய். வாடிக்கையாளர் முன்னால் அம்மா என்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று அவரிடம் சொன்னாயாம். ஆமாம், அவமானப்படுத்தினேன். அச்சகத்தில் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தி, நீ வடிவமைத்த தாளை எடுத்து, அந்த மனிதர் கண்ணெதிரே கிழித்துப் போட்டேன். ஏன் செய்தேன் என்பதில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியை உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ அந்த அடையாறு கம்பெனிக்காரரோடு முன் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தாய். உள்ளே மெஷின் ஓட்டுகிற அந்தோணி, நீ வடிவமைத்த பெட்டியை அச்சடிக்க ஆரம்பித்திருந்தார். அட்டைப்பெட்டி வேலை எது வந்தாலும் முதலில் வருகிற தாள்களில் ஒன்றைக் கத்தரியால் வெட்டி, கையால் மடித்துப் பெட்டியாக்கிப் பார்ப்பது அவர் வழக்கம், உனக்கே தெரியும். பட்டினப்பாக்கத்திலிருந்து இத்தனை வருஷமாக வந்து போகிற அந்தோணி, மெஷின் பக்கத்திலிருந்து என் மேஜைக்கு எழுந்து வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தார். கையில் அந்தக் குட்டிப் பெட்டி.

"அக்கா, இத்த பாரேன். தாள்ல ஒரு வரி கீது. மடிச்சா காணாம பூடுது. தம்பி தெரிஞ்சுதான் போட்டுச்சா?"

வாங்கிப் பார்த்தேன். ஆறு தின்பண்ட பார்கள் அடங்கிய பெட்டி. முன்பக்கத்தில் புத்தகப் பையோடு ஓடுகிற குழந்தை. மேலே, "தினையும் பேரீச்சையும் தரும் நல்ல தெம்பு." கீழே, "பள்ளிக்கூடப் பைக்கு ஏற்றது." பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல். அதில் நடுவாக்கில் "தாவரப் புரதக் கலவை" என்று ஒன்று. என்ன தாவரம் என்று இல்லை. மூடியைத் திறந்து, உள்ளே செருகுகிற மடிப்பைப் பிரித்தேன். அங்கே, எறும்பு வரிசைபோல ஒரு வரி. "நிலக்கடலை, பால், சோயா உள்ளது." கடையில் நிற்கிறவள் அந்தப் பெட்டியை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அந்த வரி கண்ணில் படாது. வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், பிரித்து, மூடியின் உட்புறத்தைப் படிக்கிற பழக்கம் உள்ளவளாக இருந்தால்தான் தெரியும். தனித்தனி பாரின் மேலுறையிலோ, "விவரங்களுக்குப் பெட்டியைப் பார்க்கவும்" என்றுதான் போடப்போகிறார்களாம். பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை பாதியை உடைத்துப் பக்கத்துக் குழந்தைக்குக் கொடுத்தால், அந்தப் பக்கத்துக் குழந்தை எந்தப் பெட்டியைப் போய்ப் பார்க்கும்?

நான் முன் அறைக்கு வந்து கேட்டபோது அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "மேடம், அந்த வரி பெட்டியிலதானே இருக்கு? இல்லாமப் போடலையே. இப்ப நிறைய ஸ்கூல்ல கடலை கூடாதுன்னு சர்க்குலர் விடறாங்க. வெளியில போட்டா அம்மாமாருங்க கையிலகூட எடுக்க மாட்டாங்க" என்றார். அதாவது, கடலை ஒத்துக்கொள்ளாத எந்தக் குழந்தைகளுக்காகப் பள்ளிக்கூடம் அப்படிச் சொல்கிறதோ அந்தக் குழந்தைகள் இருக்கிற இடத்துக்கே இது போய்ச் சேரவேண்டும் என்பதற்காகத்தான் அந்த வரி உள்ளே போனது. அதை அவர் வாயாலேயே சொன்னார். நீ பக்கத்தில் நின்றாய். அவரை ஏதாவது கேட்பாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்துச் சொன்னாய், "அம்மா, நம்ம வேலை அச்சடிக்கிறது. படிக்கிறது இல்ல."

நான் உள்ளே போய் மெஷினை நிறுத்தியது அப்போதுதான். எனக்கு எதனால் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று உனக்குப் புரிந்திருக்காது. அந்த வாக்கியம் என்னுடையது. உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ நந்தனத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். கல்யாணப் பத்திரிகையை எல்லாரும் போனிலேயே அனுப்பிக்கொள்ள ஆரம்பித்து, நம் அச்சகத்தில் வேலை பாதியாகக் குறைந்திருந்த சமயம். அப்போதுதான் இதே அடையாறு கம்பெனிக்காரர் முதல் முறையாக வந்தார். புதுக் கம்பெனி, பேரீச்சம்பழ பார், நல்ல அட்டையில் அழகான பெட்டி வேண்டும் என்றார். நான் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டேன். ப்ரூஃப் பார்த்தது நான். இந்த அச்சகத்துக்கு ப்ரூஃப் பார்க்க வந்து, முதலாளிக்கு வயதானபோது அதையே வாங்கி நடத்துகிறவள், பிழையோடு ஒரு தாளை வெளியே விட்டதில்லை என்று எனக்கு ஒரு கர்வம். அந்தப் பெட்டியில் "பேரிச்சை" என்று இருந்ததைச் சிவப்பு மையால் "பேரீச்சை" என்று திருத்தினேன். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்பதில் ஒற்று சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் நீ அச்சகத்துக்கு வந்து, காய்ந்துகொண்டிருந்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாய். "அம்மா, முன்னாடி சர்க்கரை இல்லைன்னு போட்டிருக்கு. பின்னாடி பேரீச்சை சிரப்பு, அரிசி சிரப்பு, தேன்னு வரிசையா போட்டிருக்கே, அதெல்லாம் என்ன?" உனக்கு இருபது வயது. சரியான கேள்வி. ஒரு எழுத்து விடாமல் படித்த எனக்கு அது தோன்றவில்லை, உனக்குத் தோன்றியது. நான் என்ன சொன்னேன்? வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தவள், "நம்ம வேலை அச்சடிக்கிறதுடா, படிக்கிறது இல்ல" என்று எரிந்து விழுந்தேன். நீ தாளை வைத்துவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு எதையும் நீ அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கம்பெனி அட்டைப்பெட்டி கணக்கில் மாதிரிக்கென்று பார்களை அனுப்பியது. வீட்டில் அலமாரி முழுக்க அதுதான். உன் அப்பாவுக்கு அப்போது சர்க்கரை வந்து நாலைந்து வருஷம். தி. நகர் ஜவுளிக்கடையில் வேட்டி செக்ஷன். காலை ஒன்பதரைக்கு நின்றால் சாப்பிடுகிற நேரம் தவிர உட்காரக் கூடாது, ஆடி மாதமும் தீபாவளியும் வந்தால் சாப்பிடுகிற நேரமும் கிடையாது. வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னதை அந்தக் கூட்டத்தில் அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். தினமும் அவர் பையில் இரண்டு பார் போட்டனுப்பினேன். கூட்டம் நெருக்குகிற நாளில் மூன்று. நான் திருத்திய பெட்டி, நம் மெஷினில் அச்சான பெட்டி, சர்க்கரை சேர்க்கப்படவில்லை என்று நானே ஒற்று பார்த்த பெட்டி. அதைவிட நம்பிக்கை எனக்கு என்ன வேண்டும்?

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "சர்க்கரையே போடாம இவ்வளவு இனிப்பா செய்றானுங்க பாரு, ஆளுங்க கெட்டிக்காரனுங்கதான்" என்பார். அதைக் கேட்டுச் சிரித்தவள் நான். கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு புதுச் செருப்பு அவருடைய வலது கால் சுண்டுவிரலைக் கடித்தது. சின்னப் புண். ஆறவில்லை. எனக்குச் சொன்னால் கடைக்கு விடமாட்டேன் என்று காலுறை போட்டு மறைத்துக்கொண்டு தீபாவளி முடிகிறவரை நின்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரல் கறுத்திருந்தது. உன்னிடம், அப்பாவுக்குச் செருப்புக் கடித்துச் சீழ் பிடித்து விரலை எடுக்க வேண்டியதாயிற்று என்று சொன்னோம். அது பொய் இல்லை. ஆனால் அந்த டாக்டரம்மாவின் அறையில் நடந்ததைச் சொல்லவில்லை.

அவர் என்னென்ன சாப்பிடுகிறார் என்று அந்த அம்மா கேட்டார். கேழ்வரகு, கோதுமை, காய்கறி என்று அடுக்கினேன். நடுவில் பசித்தால்? நான் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, பெருமையாக, அந்த மேஜைமேல் வைத்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம். பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடிக்கோடு போட்டார். பேரீச்சை சிரப்பு, அரிசி சிரப்பு, தேன், மால்டோடெக்ஸ்ட்ரின், பழச்சாறு அடர்கலவை. "அம்மா, சர்க்கரைங்கிற பேர்ல யாரும் வரல. அஞ்சு பேர் மாறுவேஷத்துல வந்திருக்காங்க. ஒரு தடவைக்கு இவ்வளவுன்னு போட்டிருக்கே, அது அரை பாருக்கான கணக்கு. யாராவது அரை பார் சாப்பிட்டு மீதியை மடிச்சு வைப்பாங்களா?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். நின்னுக்கிட்டே இருந்தது, புண்ணை மறைச்சது எல்லாம் சேர்ந்ததுதான்" என்று குரலைத் தணித்தார். அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

இதுவரைக்கும் கேட்டால், ஏமாந்தவள் என்று என்மேல் உனக்குப் பரிதாபம் வரும். வேண்டாம். இனி எழுதப்போவதுதான் நான் செய்த தப்பு. வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்ததையெல்லாம் குப்பையில் கொட்டினேன். மாதிரி அனுப்பவேண்டாம், வீட்டில் யாரும் இனிப்பு சாப்பிடுவதில்லை என்று அந்த மனிதருக்குச் சொன்னேன். அடுத்த வாரம் அவருடைய அடுத்த பெட்டி வந்தது. அச்சடித்துக் கொடுத்தேன். அதற்கடுத்ததையும். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று கொட்டை எழுத்தில், இத்தனை வருஷமும். நம் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டேனே தவிர, மற்றவர்கள் வீட்டுக்குள் போவதற்கு வேண்டிய அலங்காரத்தை நானே செய்து அனுப்பினேன். அபிராமபுரத்தில் மருந்துக்கடை மேஜையில் அந்தப் பெட்டி அடுக்கியிருப்பதைப் பார்த்தபோது, ஒரு பெரியவர் மாத்திரையோடு சேர்த்து அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அன்றைக்கு உன்மேல் கத்தினேன் என்று நீ சொன்னால், மறுக்கமாட்டேன்.

ஆனால் உன்மேல் கத்தியதில் தப்பில்லை. நீயே மதியம் சாப்பாட்டுக்குப் பதில் இந்த மாதிரி பார்களைத்தான் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். சாப்பிடு, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லா பாரும் விஷம் என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. பெட்டியைக் கையில் எடுத்ததும் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொள். அந்தப் பக்கத்தை எழுதுகிறவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று நம் இருவருக்கும் தெரியும். பின்பக்கத்தில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் அதிகம். தினை பார் என்று பெயர் வைத்துவிட்டுத் தினையை ஒன்பதாவதாகப் போட்டிருந்தால், அது சிரப்பு பார், தினை அதில் விருந்தாளி. சிரப்பு என்று முடிவதெல்லாம், பழச்சாறு அடர்கலவை என்பதெல்லாம் இனிப்புதான். எண்களைப் பார்க்கும்போது எத்தனை கிராமுக்கு என்று முதலில் பார், பிறகு முழு பாருக்குக் கணக்குப் போடு. வேர்க்கடலை, எள், பேரீச்சம்பழம் என்று நாலைந்து பெயரோடு பட்டியல் முடிந்துபோகிற பார்களும் கடையில் இருக்கின்றன. அவற்றின் பெட்டி அழகாக இருக்காது. உனக்கு அது ஆகும், காலையில் மெரினாவில் ஓடுகிறவன். அப்பாவுக்கு அதுவும் அளவோடுதான். யாருக்கு ஆகாது என்று சொல்கிற வரியை மட்டும் தேடிப் பிடித்துப் படி. அதைச் சுலபத்தில் காணமுடியவில்லை என்றால், அங்கேயே வைத்துவிட்டு வா.

சரி, நீ கோபித்துக்கொண்டு போனபிறகு நடந்ததைக் கேள். நான்கு நாள் கழித்து அந்த மனிதர் போன் செய்தார். வேறு அச்சகத்தில் கொடுத்துவிட்டாராம். "உங்க பையன் ஃபைலை அனுப்பிட்டாரு மேடம். தங்கமான பிள்ளை. நீங்கதான் ரொம்ப உணர்ச்சிவசப்படறீங்க" என்றார். மாற்றி அனுப்பியிருப்பாய் என்று நினைத்தேன். அந்த வரியை உள்ளேயிருந்து எடுத்து வெளியே வைக்க உனக்கு இரண்டு நிமிஷம் ஆகாது. அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னேன். "அவன் மாத்தியிருப்பான், பாருங்க."

போன வாரம் அடையாறில் ஒரு பெரிய மளிகைக்கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஓடுகிற குழந்தை, பள்ளிக்கூடப் பை. பக்கத்தில் ஒரு பெண், சீருடையில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தவள், கடையில் வேலை செய்கிற பெண்ணிடம் பெட்டியைக் காட்டிக் கேட்டாள். "இதுல கடலை எதுவும் இல்லையே? ஸ்கூல்ல விட மாட்டாங்க." அந்தப் பெண் நல்லவள்தான், நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இல்ல மேடம், எதுவும் போடல." இரண்டு பெட்டி கூடைக்குள் போனது.

"அம்மா, மூடியைப் பிரிச்சுப் பாருங்க" என்றேன்.

"பிரிச்சா வாங்கணும்" என்றாள் கடைப்பெண்.

"நானே வாங்கிக்கிறேன்" என்று பிரித்து, மடிப்பை விரித்து நீட்டினேன். அந்தத் தாய் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தாள். இரண்டு பெட்டியையும் கூடையிலிருந்து எடுத்து வைத்தாள். பிறகு, "இவ கிளாஸ்ல ஒரு பையன் இருக்கான். போன வருஷம் யாரோ குடுத்த மிட்டாயைத் தின்னுட்டு மூச்சு விட முடியாம ஆம்புலன்ஸ்ல போனான். அதுலேர்ந்துதான் நாங்க எல்லாருமே பார்த்து வாங்கறோம்" என்றாள். கடைசியாக, "உள்ள இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அச்சகத்தில் வேலை செய்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இதை என் மகன்தான் செய்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன் என்று நினைக்காதே. அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ தெரியாமல் செய்யவில்லை. அந்தோணிக்கும் எனக்கும் தெரியும் முன்பே அந்த வரியை அந்த இடத்தில் வைத்தவன் நீ. கிழித்த பிறகும், கத்திய பிறகும், நான்கு நாள் யோசிக்க நேரம் இருந்த பிறகும், அதே இடத்திலேயே வைத்து அனுப்பியவன் நீ. அந்த வேலை போனால் இரண்டு பேரை நிறுத்தவேண்டி வரும் என்று நீ அன்றைக்குச் சொன்னது நிஜம். போகட்டும். அந்தோணியிடம் நானே சொன்னேன். "போனா போவுதுக்கா, வேற வரும். அத்த ஓட்டிட்டு எம் பேத்திய எப்புடி ஸ்கூலுக்கு அனுப்பறது?" என்றார். படிக்கிற வேலை நமக்கில்லை என்று அந்தோணிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். இந்தப் பெட்டியை மட்டும் வைக்கவில்லை. அலமாரியில் கோப்பில் இருந்த, அந்தக் கம்பெனிக்கு நாம் அச்சடித்த பழைய பெட்டிகள் அத்தனையிலும் ஒவ்வொன்று எடுத்து வைத்தேன். அச்சடித்தவர் என்று நம் அச்சகத்தின் பெயர், ப்ரூஃப் பார்த்தவர் என்று என் பெயர். அப்பா படித்துப் பார்த்துவிட்டு, "நம்ம பேரையும் எழுதணுமா?" என்றார். எழுதாமல் அந்தக் கம்பெனியை மட்டும் காட்டிக்கொடுக்க எனக்கு என்ன யோக்கியதை என்றேன். அவர் கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நானும் வர்றேன். தின்னவன் நான்தானே" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் போனோம். அங்கிருந்த அதிகாரி பெட்டிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, "ஏம்மா, இத்தனை வருஷம் தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் நம் அச்சகத்துக்கு வருகிறார். கடைசிப் பெட்டியை வடிவமைத்தது யார், மூடிக்குள் அந்த வரியை வைத்தது யார் என்று கேட்பார். நான் உன் பெயரைச் சொல்வேன். பெற்று வளர்த்தவள் என்றும் பார்க்கமாட்டேன், ஒரே பிள்ளை என்றும் பார்க்கமாட்டேன். அதை நான் சொல்வதற்கு முன்னால் நீயே சொல்ல நினைத்தால், பத்து மணிக்குள் வந்துவிடு. காலையில் சாப்பிட்டுவிட்டு வா. தட்டில் போட்டு, உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு வா.